காய்ந்த ஓடையும் கடைசி ஆளும்

2025 ஜூன் மாதத்தில் கூமாப்பட்டி என்ற பெயர் காட்டாத செல்போன் தமிழ்நாட்டில் அநேகமாக இருந்திருக்காது. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் வயலும் தென்னந்தோப்பும் கண்மாயுமாகத் தன் பாட்டுக்கு இருந்த ஊர். உள்ளூர் இளைஞர் ஒருவர் ‘ஏங்க’ என்று கூப்பிட்டு எடுத்த ரீல்ஸ் பரவியதும் வேனும் பைக்கும் கிளம்பிவிட்டன. பிளவக்கல் அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்று நீர்வளத்துறையே சொல்ல வேண்டி வந்தது. வந்தவர்கள் ஊரைப் பார்த்து முடித்ததும் மேற்கே திரும்பினார்கள். அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பு, ராஜபாளையத்தில் அய்யனார் அருவி. அப்புறம் மலை ஏறத் தோன்றாமல் இருக்குமா?

இங்கே தனியாக மலையேறுகிறவர்கள் குறைவு. அலுவலக நண்பர்கள், கல்லூரிச் செட்டு, பாதயாத்திரைக் குழு, அமாவாசைக்கு வேன் பிடித்து வரும் தெருக்காரர்கள் என்று எல்லாமே கூட்டம்தான். ‘இத்தனை பேர் இருக்கோம், என்ன ஆயிடும்?’ என்ற தைரியமும் கூடவே வருகிறது. அந்தத் தைரியத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதியைக் கொஞ்சம் ஆராய வேண்டியிருக்கிறது.

நியாயமான பாதியை முதலில் பார்ப்போம். சேர்ந்து நடந்தால் களைப்புத் தெரியாது என்பது வெறும் பேச்சு இல்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் படகு வீரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2010-இல் வெளியானது. துடுப்புப் பயிற்சி எந்திரத்தில் ஒரு நாள் தனியாக, இன்னொரு நாள் மற்றவர்களோடு சேர்ந்து 45 நிமிடம் இழுக்க வைத்தார்கள். இரண்டு நாளும் உழைப்பு ஒரே அளவு. இழுத்து முடித்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றை ஏற்றி, எந்த அழுத்தத்தில் ‘வலிக்கிறது’ என்று சொல்கிறார்கள் எனக் குறித்தார்கள். சேர்ந்து இழுத்த நாளில் வலியைத் தாங்கும் அளவு கணிசமாகக் கூடியிருந்தது. ஒரே தாளத்தில் உடலை அசைக்கும்போது மூளையில் எண்டார்பின் அதிகம் சுரப்பதுதான் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சதுரகிரி ஏற்றத்தில் கோஷம் போட்டுக்கொண்டு ஏறும் அறுபது வயதுக்காரர்கள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தனியே ஏறும் இருபது வயதுக்காரர்களை முந்துவதைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இருக்காது.

ஆனால் வலி என்பது உடம்பு அடிக்கிற மணி. கூட்டம் அந்த மணியின் சத்தத்தைக் குறைக்கிறது என்றால் மகிழ்ச்சிக்கு நல்லது, எச்சரிக்கைக்குக் கெட்டது. குழுவாக மலையேறுவதில் வரும் சிக்கல்களில் பெரும்பாதி இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

தாணிப்பாறைப் பாதையையே எடுத்துக்கொள்வோம். வனத்துறை கேட்டைத் தாண்டி மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பசாமி என்று போகிற பாதை. பெயர்களைக் கவனியுங்கள். வழுக்குகிற பாறை, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய பாறை. தண்ணீர் எங்கெங்கே வேலை செய்திருக்கிறது என்பதற்கு அந்தக் காலத்து ஆட்கள் வைத்த அறிவிப்புப் பலகைகள் இவை. பாதை ஓடைகளைக் குறுக்கே கடந்தும் ஒட்டியும் போகிறது. கோடையில் வருகிறவருக்கு அந்த ஓடை உருண்டைக் கற்கள் கிடக்கும் காய்ந்த தடம். செல்ஃபிக்கு அருமையான இடம். ஒரு நிமிடம் அந்தக் கற்களைப் பாருங்கள். ஆளுயரப் பாறைகள் மூலை முனை மழுங்கி வழவழவென்று கிடக்கின்றன. அவற்றை உருட்டிக் கொண்டுவந்து போட்டது சாதாரண நீரோட்டமாக இருக்க முடியாது.

கணக்கு எளிது. மேலே மலை முகட்டில் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது என்று வையுங்கள். ஒரு நல்ல இடிமழை ஒரு மணி நேரத்தில் தரக்கூடிய அளவுதான். அது 50,000 கன மீட்டர் தண்ணீர். எடையில் 50,000 டன். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் அடைத்தால் நாலாயிரம் லாரிக்கு மேல் வரும். சமவெளியில் இது மண்ணில் இறங்கும், கண்மாயில் தேங்கும், வயலில் பரவும். இங்கே சரிவு செங்குத்து, மண் மெல்லியது, அடியில் பாறை. கிளை ஓடைகள் எல்லாம் ஒரே தடத்தில் வந்து சேர்கின்றன. எனவே மழையில் பெரும்பகுதி கொஞ்ச நேரத்திலேயே ஒரு குறுகிய ஓடைக்குள் வந்துவிடுகிறது. மழை மேலே பெய்கிறது, கீழே ஓடையில் நிற்பவருக்கு வெயில் அடிக்கிறது. தலையில் ஒரு சொட்டு விழாமலே வெள்ளம் வருவது இப்படித்தான்.

2015 மே மாதம் இதுதான் நடந்தது. அமாவாசையையொட்டிச் சதுரகிரிக்கு வந்திருந்த பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கினார்கள். அடித்துச் செல்லப்பட்டவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை. மே மாதம், கத்திரி வெயில் காலம், பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. யாருக்கும் வெள்ளம் நினைப்பில் இருந்திருக்காது. ஆனால் கோடைதான் இந்த மலையில் இடிமழைக்குத் தோதான காலம். காலை வெயிலில் மலைச்சரிவு சூடேறுகிறது. அதை ஒட்டிய காற்றும் சூடாகி, லேசாகி, சரிவோடு மேலே ஏறுகிறது. முகட்டில் இரண்டு பக்கத்துக் காற்றும் சந்தித்து இன்னும் உயரே போய்க் குளிர்ந்து மேகமாகத் திரள்கிறது. காலை பத்து மணிக்குப் பஞ்சு மாதிரி இருந்தது, பகல் இரண்டு மணிக்குக் கறுத்த கோபுரமாக நிற்கும். மாலையில் கொட்டும். காலையில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஏற விடமாட்டோம், மேலே இரவு தங்க விடமாட்டோம், மழை அறிகுறி இருந்தால் கேட்டையே திறக்க மாட்டோம் என்று வனத்துறை சொல்லும்போது சண்டை போடுகிறவர்கள் உண்டு. வானிலையியல் இந்த விஷயத்தில் வனத்துறைப் பக்கம்தான் நிற்கிறது.

ஓடும் தண்ணீரின் பலத்தை நாம் எப்போதும் குறைத்தே எடை போடுகிறோம். முழங்கால் அளவுதானே என்போம். தண்ணீர் தள்ளும் விசை வேகத்தின் இருமடியில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீரில் நிற்பவரின் இரண்டு கால்களிலும் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் நீர் தோராயமாக 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். சமாளித்துவிடலாம். அதே ஆழத்தில் வேகம் விநாடிக்கு 2 மீட்டரானால் 24 கிலோ. 3 மீட்டரானால் 50 கிலோவைத் தாண்டும். மலை ஓடைக்கு இந்த வேகங்கள் சகஜம். அடியில் பாசி பிடித்த உருண்டைக் கல், கலங்கலில் எங்கே குழி என்று தெரியாது, மிதந்து வரும் கட்டை வேறு காலில் இடிக்கும். விழுந்தவர் எழுந்து நிற்க முயலும்போது பாதம் இரண்டு கற்களுக்கு இடையே சிக்கினால் அதே விசை அவரைக் குப்புற அழுத்தும். அதனால்தான் வெள்ளத்தில் விழுந்துவிட்டால் மல்லாக்கப் படுத்து, காலை ஓட்டத்தின் திசைக்கு நீட்டி, ஓரமாக ஒதுங்கப் பார்க்கச் சொல்கிறார்கள். எழுந்து நிற்பது ஆழம் முழங்காலுக்கும் கீழே வந்த பிறகு.

இதெல்லாம் விழுந்த பிறகு. விழாமல் இருக்கவே வழி இருக்கிறது. வெள்ளம் பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. தெளிந்த தண்ணீர் தேநீர் நிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். மட்டம் ஒரு விரற்கடை ஏறும். மேலேயிருந்து லாரி வருவது போல உறுமல் கேட்கும். இதைக் குழுவில் யாராவது ஒருவர் கண்டிப்பாகப் பார்த்திருப்பார். பார்த்தவர் ஏன் வாய் திறப்பதில்லை?

1968-இல் பிப் லத்தானே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. ஓர் அறையில் ஆளை உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரின் துவாரம் வழியாகப் புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். ஒன்றும் தெரியாத மூன்று பேரைச் சேர்த்து உட்காரவைத்தபோது, ஒருவராவது எழுந்து சொன்ன குழுக்கள் 38 சதவீதம்தான். கூட இருந்த இருவரும் ஆய்வாளர்களின் ஆட்களாக இருந்து, புகையைக் கண்டும் காணாமல் எழுதிக்கொண்டே இருந்தபோது எழுந்தவர்கள் 10 சதவீதம். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிவிட்டு, படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்களாம். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். அடுத்தவர் சும்மா இருக்கிறார். அப்படியானால் ஒன்றுமில்லை போலிருக்கிறது.

ஓடைக் கரையில் பதினைந்து பேர் நிற்கும்போது இதுவேதான். தண்ணீர் கலங்கியதைப் பார்த்த பெண், முன்னால் போகிற அண்ணன்கள் பேசாமல் போகிறார்களே என்று பேசாமல் போகிறாள். நம் ஊரில் வயது, மரியாதை, ‘பயந்தாங்கொள்ளி’ என்ற கிண்டல் எல்லாம் சேர்ந்து வாயை இன்னும் இறுக்கிக் கட்டுகின்றன. எனவே கிளம்பும்போதே, அடிவாரத்தில் டீ குடிக்கிற நேரத்திலேயே, ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது நல்லது: யார் ‘நில்லுங்க’ என்றாலும் மொத்தப் பேரும் நிற்க வேண்டும், காரணம் அப்புறம். பள்ளிப் பையன் சொன்னாலும் அதே விதி. நின்றதால் போவது ஐந்து நிமிடம். ஓடை ஏறிவிட்டால் கடக்கக் கூடாது, மேட்டில் காத்திருக்க வேண்டும். சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் எவ்வளவு வேகமாக ஏறியதோ, மழை விட்டபின் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வடியவும் செய்யும். பேருந்து போய்விடும், டிரைவர் திட்டுவார் என்ற அவசரம்தான் ஆட்களைத் தண்ணீரில் இறக்குகிறது.

அடுத்தது நடை. எந்தக் குழுவும் ஏறத் தொடங்கிய அரைமணி நேரத்தில் நூலாக நீண்டுவிடும். முன்னால் போன நாலு பேர் ஒரு பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள். கடைசியில் வரும் பருத்த உடம்புக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கே வந்து சேர்வார். ‘ஆங், வந்துட்டாரு, கிளம்பலாம்’ என்று முன்னவர்கள் எழுவார்கள். ஓய்வு தேவைப்படாதவர்களுக்குப் பத்து நிமிடம், தேவைப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. இந்த அநியாயம் ஒவ்வொரு திருப்பத்திலும் நடக்கும். அவர் கூச்சத்தில் சொல்லவும் மாட்டார். சொன்னேனே, சேர்ந்திருக்கும் உற்சாகத்தில் அவர் உடம்பே கொஞ்ச நேரம் அவரிடம் சொல்லாது.

இதற்கு மருந்து, மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவது. வேகக்காரர்களில் பொறுமையான ஒருவர் கடைசி ஆளாக வர வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, ஒதுங்கப் போனவர் உட்பட. அவர் கழுத்தில் ஒரு விசில். மலையில் கத்துவதால் பயனில்லை. ஓடை இரைச்சல் மனிதக் குரலை அமுக்கிவிடும், தொண்டையும் போய்விடும். விசிலின் கீச்சொலி நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் அதிர்வெண்களை ஒட்டி இருப்பதால் இரைச்சலைத் தாண்டி எட்டும். செல்போனை நம்ப வேண்டாம், மலை மடிப்புக்குள் போனதும் சிக்னல் போய்விடும். எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அடிவாரத்திலோ வீட்டிலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதே மேல்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய விதி இருக்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் மூன்றரை மணி. இது ஓய்வே எடுக்காத, உரமேறிய காலுக்கு. நம் விருதுநகர் வெயிலுக்கும் போட்ட கணக்கல்ல. பாட்டி, பேரன், டிபன் கேரியர் சகிதம் போகும் குழு இதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளலாம்.

உடம்பு தாங்குகிறதா என்று பார்க்க விலை உயர்ந்த கைக்கடிகாரம் வேண்டியதில்லை, பேச்சே போதும். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் இதயம் தன் எல்லையை நெருங்குகிறது. மருத்துவர்களும் உடற்பயிற்சி வல்லுநர்களும் உண்மையிலேயே பயன்படுத்தும் சோதனை இது. குழுவில் வாயாடி ஒருவர் திடீரென்று மௌனமாகிவிட்டால் அது ஞானம் அல்ல, பக்கத்தில் போய் விசாரியுங்கள். 2024-இல் கோவை வெள்ளியங்கிரி மலையில் அடுத்தடுத்துப் பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் இறந்தது நினைவிருக்கலாம். வருடம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு ஒரே நாளில் ஆயிரக்கணக்கான படி ஏறுவது இதயத்துக்கு முன்னறிவிப்பில்லாத பரீட்சை. நெஞ்சு இறுக்கம், இடது தோள் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை என்றால் அங்கேயே உட்கார வேண்டியதுதான், ‘கோயில் இதோ வந்தாச்சு’ என்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

வியர்வையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு லிட்டர் வியர்வை முழுக்கத் தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். சொட்டித் தரையில் விழும் வியர்வை அப்படி எதையும் எடுத்துச் செல்லாது. மழை பெய்து ஓய்ந்த புழுக்கத்தில் ஏறும்போது தெப்பமாக நனைந்தும் உடம்பு குளிராமல் இருப்பது இதனால்தான். போகிற தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரை போகலாம். உப்புப் போட்ட மோர், நீராகாரம், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த எலுமிச்சைச் சாறு, கூடக் கொஞ்சம் உப்புக்கடலை. இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கடையில் வாங்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை இறங்கி வந்து தின்னுங்கள், ஏற்றத்தில் நெய்யும் பாலும் வயிற்றில் கனக்கும். வெயிலில் ஒருவர் உளற ஆரம்பித்தாலோ தள்ளாடினாலோ அது வெப்பவாதம். நிழல், ஈரத்துணி, விசிறல், நனைத்துக் குளிர்வித்தல் எல்லாம் அங்கேயே அப்போதே. தூக்கிக்கொண்டு ஓடுவது அடுத்த வேலை.

வெள்ளத்துக்கு மறுபக்கம் தீ. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தார்கள். தீ சமதரையை விட ஏற்றத்தில் வேகமாக ஓடும். சுடர் மேட்டுப் பக்கம் சாய்ந்து, மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. மனிதக் கால் நேர் எதிர், ஏற்றத்தில் வேகம் குறையும். ஆகவே தீக்கு மேலே நிற்பதும் மேட்டை நோக்கி ஓடுவதும்தான் ஆகப் பெரிய ஆபத்து. பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்கோ போக வேண்டும். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாக்கியது. விருதுநகர் மாவட்டமும் அதில் உண்டு. தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அனுமதி இல்லாத பாதையில் ‘லோக்கல் பையன்’ ஒருவனை நம்பி ஏறுவதில் சாகசம் எதுவும் இல்லை. தேட வேண்டி வந்தால் எங்கே தேடுவது என்று ஒருவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இவ்வளவு ஜாக்கிரதையும் எதற்கு என்றால், பார்ப்பதற்கு அங்கே அவ்வளவு இருக்கிறது. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகவே சரணாலயமான காடு இது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. அந்த அணில் நம் வீட்டுக் கொல்லை அணில் அல்ல, பூனையளவு நீளம், உடம்பளவுக்கு நரைத்த வால். தரைக்கு அபூர்வமாகவே இறங்கும். கிளைகள் பின்னிக்கிடக்கும் இடம் பார்த்து இலையும் சுள்ளியுமாகப் பந்து போலக் கூடு கட்டும். ஆபத்து என்றால் எந்தப் பக்கத்து மரத்துக்கும் தாவ வழி வேண்டுமே. செண்பகத்தோப்பில் அண்ணாந்து பார்த்தபடி பத்து நிமிடம் பேசாமல் நிற்கும் குழுவுக்கு அது தட்டுப்படலாம். புளூடூத் ஸ்பீக்கரோடு வரும் குழுவுக்கு ஸ்பீக்கர்தான் மிச்சம். ஆனால் புதர் அடர்ந்த திருப்பங்களில் ஒரேயடியாக மௌனமும் கூடாது. கரடி கிட்டத்தில் திடுக்கிட்டால்தான் பாயும். சாதாரணப் பேச்சுச் சத்தம் கேட்டால் அதுவே விலகிப் போகும். யானை, காட்டுமாடு என்றால் பேச்சும் வேண்டாம் போட்டோவும் வேண்டாம், வந்த வழியே பின்வாங்குவதுதான்.

கடைசியாக இறக்கம். ‘இறங்குறதுதானே’ என்று எல்லோரும் அலட்சியமாக விடும் பகுதி. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. இப்படி நீளும்போது சுமை விழுந்தால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகும். அதனால்தான் பாதி இறக்கத்தில் முழங்கால் தன்னால் நடுங்குகிறது, சின்னக் கல்லில் கூடக் கால் மடங்குகிறது. மதியத்துக்கு மேல் மேகம் திரளும் நேரமும் இந்தக் கால் தளரும் நேரமும் ஒன்றாக வருவது இந்த மலையின் விசேஷம். ஒரு கம்பு, சின்ன எட்டு, அரைமணிக்கு ஒருமுறை தலை எண்ணுதல், கேட்டுக்கு வெளியே வந்ததும் இன்னொரு முறை எண்ணுதல். தொடை வலி மறுநாள் லேசாகத் தொடங்கி இரண்டாம் நாள் உச்சத்துக்கு வரும், படி இறங்கும்போது அம்மா அப்பா என்று கூப்பிட வைக்கும், மூன்று நாலு நாளில் மாத்திரை இல்லாமலே போய்விடும். வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம்.